பயனர் தேடலை மூடிவிட்டார்

நவம்பர் 12, புதன்

நரம்பு டாக்டர் சொன்னதற்காக எழுதுகிறேன். தலைவலி எந்த நாளில் வருகிறது, அன்றைக்கு என்ன சாப்பிட்டேன், எவ்வளவு தூங்கினேன், மனதில் என்ன ஓடியது என்று மூன்று மாதம் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். "ஒரு வரி போதும்மா" என்றார். மகள் பெனிட்டா பாதி எழுதிவிட்டுப் போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்று கிடைத்தது.

இன்று தலைவலி இல்லை. காலை இட்லி. தூக்கம் ஆறு மணி நேரம்.

ஆபீசில் புது வேலை. தில்லைநகரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. பதினொரு பேர். டேட்டாபேஸ் முழுக்க என் பொறுப்பு, ஒன்பது வருடமாக. டெல்டா பக்கம் ஓர் அறக்கட்டளை ஆம்புலன்ஸ்கள் ஓட்டுகிறது. அந்த வண்டிகளில் இருக்கும் டேப்லெட்டுகளில் எங்கள் செயலி. பாம்புக்கடி, நாய்க்கடி என்று ஆளை ஏற்றியதும் பட்டனை அழுத்தினால், எந்த ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது, எது பக்கம் என்று பட்டியல் வரும். சிக்னல் இல்லாத ஊர்களிலும் வேலை செய்ய வேண்டும் என்பதால் எல்லா விவரமும் டேப்லெட்டுக்குள்ளேயே இருக்கும்.

டைரக்டர் ரகோத்தமன் சார் கூப்பிட்டு, "வண்டிகள்லேருந்து லாக் வந்திருக்கு. எச்சரிக்கை நெறைய இருக்காம். ஒரு பார்வை பாத்துடுங்க ஜெசிந்தா, அறக்கட்டளைக்கு ஒரு அறிக்கை குடுக்கணும்" என்றார். எதற்கு அறிக்கை என்று நான் கேட்கவில்லை.

லாக் என்பது செயலி தான் செய்வதையெல்லாம் நேரத்தோடு எழுதிவைக்கும் பதிவு. திறந்து பார்த்தேன். பக்கம் பக்கமாக ஒரே வரி: தானியங்கி இண்டெக்ஸ் உருவாக்கப்பட்டது. இது பிழை அல்ல. தடித்த புத்தகத்தின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதுதான் இண்டெக்ஸ். அது இல்லாமல் தேடச் சொன்னால், டேட்டாபேஸ் தானே உட்கார்ந்து ஒரு பட்டியல் தயாரித்து, தேடி முடித்ததும் கிழித்துப் போட்டுவிடும். அப்படிச் செய்ய நேர்ந்தால், நீ செய்திருக்க வேண்டியதை நான் செய்தேன் என்று ஒரு வரி எழுதிவைக்கும். அவ்வளவுதான். வேலை நடந்துவிடும்.

நவம்பர் 13, வியாழன்

தலைவலி இல்லை. மிக்சி ஜாருக்கு வாஷர் மாற்றினேன்.

நவம்பர் 14, வெள்ளி

மதியம் லேசாகத் தலைவலி. எலுமிச்சை சாதம்.

எதற்கு அறிக்கை என்று தெரிந்துவிட்டது. ஹபீபா சொன்னாள். செயலியைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை; வண்டியில் இருப்பவர்கள் உதவிக்கு அழைக்கும் போனும் அவளிடம்தான் இருக்கிறது.

"போன ஆறாம் தேதி சேந்தங்கரைல ஒரு அம்மா களை எடுக்கையில நல்ல பாம்பு கடிச்சிருச்சு அக்கா. நம்ம டேப் இருக்குற வண்டிதான் போயிருக்கு. பட்டியல் வரலன்னு சொல்லி, டெக்னீஷியன் தனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்காரு. அங்க மருந்து முந்தின நாளே தீந்துபோச்சு. அங்கேருந்து டவுனுக்குப் போற வழியில முடிஞ்சிருச்சு."

அந்தப் பெண் பெயர் மாரிக்கண்ணு. முப்பத்தாறு வயது. கிழக்கே போகாமல் மேற்கே போயிருந்தால் பாலக்கொல்லை ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு குப்பி விஷமுறிவு மருந்து இருந்திருக்கிறது. இருபது நிமிடப் பயணம். டேப்லெட்டைப் பார்க்காமல் இஷ்டத்துக்கு வண்டியைத் திருப்பினார் என்று டெக்னீஷியன் தியாகேசனைச் சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள்.

"சுத்திக்கிட்டே இருந்துச்சுன்னு சொல்றாரு அக்கா. ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றேன்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

நவம்பர் 17, திங்கள்

என் லேப்டாப்பில் அதே தேடலை ஓட்டிப் பார்த்தேன். கால் வினாடி. பத்து முறை ஓட்டினேன், கால் வினாடியைத் தாண்டவில்லை. மருந்து இருப்பு அட்டவணைக்கு இண்டெக்ஸ் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் நானே போட்டது. அது இருக்கும்போது அந்த எச்சரிக்கைக்கு அவசியமே இல்லை. டேப்லெட் பழசு, வெயிலில் சூடாகியிருக்கும். அறிக்கையின் முதல் வரியை எழுதிவைத்தேன்: எங்கள் தரப்பில் குறை ஏதும் காணப்படவில்லை.

நெத்திலிக் குழம்பு. நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்காரர் லூர்து இரண்டு முறை சொன்னார். தலைவலி இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

ஹபீபா வண்டியில் இருக்கும் அதே மாதிரி டேப்லெட் ஒன்றை எடுத்து, ஆறாம் தேதி இருந்த விவரங்களை அப்படியே ஏற்றி என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். என் லேப்டாப்பில் இருப்பது மாதிரிக்கு வைத்த இரண்டாயிரம் வரிகள். வண்டியில் இருப்பது நாலு லட்சம். இது எனக்குத் தெரியாததல்ல.

"வீடியோ எடுக்கறேன் அக்கா" என்று தன் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து நிறுத்திவிட்டுப் பட்டனை அழுத்தினாள்.

வட்டம் சுற்றியது. முதல் நிமிடம் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம், அவள் தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றி. இரண்டாவது நிமிடம் பேச்சு நின்றுவிட்டது. கீழே பல் துளைக்கும் சத்தம் கேட்டது. மூன்றாவது நிமிடம் நான் திரையைத் தொடப் போனேன். "தொடாதீங்க அக்கா" என்றாள். நாலாவது நிமிடம் முழுக்க நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அஞ்சு நிமிஷம் பத்தொம்பது செகண்டு" என்றாள்.

மறுபடி ஒருமுறை ஓட்டினோம். ஐந்து நிமிடம் இருபத்திரண்டு. நான் காபி போட எழுந்தேன்.

நவம்பர் 20, வியாழன்

காரணம் கிடைத்துவிட்டது. எப்படித் தேடப்போகிறாய் என்று டேட்டாபேஸிடம் முன்கூட்டியே கேட்கலாம், படிப்படியாகச் சொல்லும். கேட்டேன். என் இண்டெக்ஸை அது தொடவே இல்லை.

ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு குறியீடு உண்டு, இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் சேர்ந்தது. என் இண்டெக்ஸ் பெரிய எழுத்தைத் தனியாகவும் சின்ன எழுத்தைத் தனியாகவும் அடுக்கிய பட்டியல். ஆனால் ஆஸ்பத்திரிகளின் அட்டவணையில், இரண்டையும் ஒன்றாகவே பார் என்று ஒரு சொல் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒன்றாகப் பார்க்கச் சொல்லிவிட்டால் தனித்தனியாக அடுக்கிய பட்டியல் பயன்படாது. ஆகவே டேட்டாபேஸ் அதை ஒதுக்கிவிட்டு, நாலு லட்சம் வரிகளையும் படித்து, தானே ஒரு பட்டியல் போட்டு, தேடி, கிழித்துவிட்டு, அடுத்த ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. மொத்தம் ஐம்பத்தெட்டு ஆஸ்பத்திரி. ஐம்பத்தெட்டு முறை. எல்லாம் முடிந்த பிறகுதான் பட்டியல் திரைக்கு வரும்.

அந்தச் சொல் ஆகஸ்ட் 28ஆம் தேதி வெளியீட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஓர் ஆஸ்பத்திரியில் யாரோ குறியீட்டைச் சின்ன எழுத்தில் அடித்துவிட, அவர்களிடம் இருந்த மருந்து பட்டியலில் வராமல் போயிருக்கிறது. அறக்கட்டளை புகார் செய்தது. அதற்காகச் செய்யப்பட்ட மாற்றம். நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டதுதான்.

"யாரு பண்ணுனது அக்கா?" என்று ஹபீபா கேட்டாள்.

"பழைய மாத்தம். பாக்கணும்" என்றேன்.

தலைவலி சாயங்காலம் ஆரம்பித்தது.

நவம்பர் 21, வெள்ளி

காலையிலிருந்தே தலைவலி, கண்ணுக்குப் பின்னால். இட்லி தங்கவில்லை. ஆபீசுக்குப் போனேன்.

ஆகஸ்ட் 28 அன்று நாங்கள் வேளாங்கண்ணிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. மறுநாள் மாதா கோவில் கொடியேற்றம். நாலு மணி பஸ். லூர்து மூன்று மணிக்கே ஆபீஸ் வாசலில் வந்து நின்றுகொண்டு போன் செய்தபடி இருந்தார். அன்று ஹபீபா லீவு. டேப்லெட்டில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் வெளியிடக் கூடாது என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஒட்டியது யார் என்று கேட்டால் ஹபீபா என்னைத்தான் காட்டுவாள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். டேப்லெட்டுகள் எச்சரிக்கைகளை மெயிலாகவும் அனுப்பும். வேளாங்கண்ணியிலிருந்து திரும்பி வந்தால் ஒரு நாளைக்கு நூற்றைம்பது மெயில் வந்துகொண்டிருந்தது. அத்தனையும் வந்து விழுந்தால் யார் வேலை பார்ப்பது? வந்ததும் வருவதும் கண்ணில் படாமல் தனி ஃபோல்டருக்குப் போகும்படி செய்துவைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். இன்று அந்த ஃபோல்டரைத் திறந்தேன். பத்தாயிரத்துச் சொச்சம். ஒன்றுகூடப் படிக்காதது. முதல் மெயில் ஆகஸ்ட் 29 காலை 6.12. அந்நேரம் நாங்கள் கடலில் கால் நனைத்துக்கொண்டிருந்தோம்.

நவம்பர் 6 மெயிலும் அதில் இருந்தது. தேடல் தொடக்கம் 8.41.10. அதன் பிறகு ஒரே எச்சரிக்கை நாற்பத்திரண்டு முறை. 8.45.02, பயனர் தேடலை மூடிவிட்டார்.

பாலக்கொல்லை நாற்பத்தொன்பதாவது.

நவம்பர் 24, திங்கள்

சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"அஞ்சு நிமிஷம் எடுக்குது சார்."

"ஆனா முடியுதில்ல?"

"முடியுது."

"அப்ப வேலை செய்யுது." நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். "அவங்க கேட்டது ஒரே கேள்வி. அன்னைக்கு ஆப் இயங்குச்சா இல்லையா. இயங்குச்சு. அந்தாளு மூடிட்டாரு. லாக்ல அப்படித்தான இருக்கு?"

"அப்படித்தான் சார் இருக்கு. ஆனா அவரு நாலு நிமிஷம் காத்திருந்திருக்காரு."

"எவ்வளவு நேரம்னு அவங்க கேக்கல. ஜனவரில ஒப்பந்தத்தப் புதுப்பிக்கணும். பதினோரு குடும்பம் இங்க. நான் பொய் எழுதச் சொல்லல ஜெசிந்தா. இருக்குறத எழுதுங்க."

நான் எழுந்தபோது, "ஆகஸ்ட் மாத்தம் யாருதுன்னு நான் கேக்கவே இல்ல பாருங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நவம்பர் 25, செவ்வாய்

அறிக்கை நாலு வரி. செயலி அன்று இயங்கிக்கொண்டிருந்தது. தேடல் 8.41க்குத் தொடங்கப்பட்டது. முடிவு வருமுன் பயனர் தேடலை மூடிவிட்டார். பாலக்கொல்லையில் மருந்து இருப்பு சரியாகப் பதிவாகியிருந்தது.

ஒவ்வொரு வரியும் உண்மை. கையெழுத்துப் போட்டேன். தலைவலி இல்லை. இதையும் குறித்துக்கொள்கிறேன்.

நவம்பர் 28, வெள்ளி

சரிசெய்துவிட்டேன். இரண்டு எழுத்தையும் ஒன்றாக அடுக்கும்படி இண்டெக்ஸைத் திரும்பப் போட்டேன், ஒரு வரி. டேப்லெட்டில் அதே நாலு லட்சம் வரி, அரை வினாடிக்கும் குறைவு. எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை. புது வெளியீட்டின் குறிப்பில் "சிறு மேம்பாடுகள்" என்று எழுதினோம். சார் எல்லாருக்கும் சமோசா வாங்கிவரச் சொன்னார். ஹபீபா நோன்பு என்று சொல்லிவிட்டாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

தியாகேசன் என் நம்பருக்கே கூப்பிட்டார். அறிக்கையின் கீழே என் பெயரும் எண்ணும் இருக்கிறதாம்.

"மேடம், தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. நான் பட்டன அமுக்குனேன்னு அதுல இருக்குங்களா?"

"இருக்கு."

"அது போதும் மேடம். அமுக்கவே இல்லன்னுதான் எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க." பிறகு கேட்டார்: "மூடிட்டேன்னு எழுதியிருக்கீங்களே, எதுக்கு மூடுனேன்னு அதுல தெரியுமா?"

"அது லாக்ல வராதுங்க."

"எவ்வளவு நேரம் சுத்துச்சுன்னு வருமா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு அப்போதே தெரியும் என்று அவருக்குத் தெரியாது. மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி.

டிசம்பர் 3, புதன்

தலைவலி. லீவு போட்டேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் ஹபீபா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை.

"சார் அந்த வீடியோவ அழிச்சிடச் சொன்னாரு அக்கா."

"என்ன பண்ணுன?"

"அழிச்சிட்டேன். வீட்ல நான் ஒருத்திதான் வேலைக்குப் போறேன். ஒங்களுக்குத் தெரியும்." டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "வெச்சிரு ஹபீபான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அழிச்சிருக்க மாட்டேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே அக்கா. யாரு பண்ணுனதுன்னு."

எழுந்து போய்விட்டாள். அவள் சின்னப் பெண், அவளுக்கு எல்லாம் சுலபமாகத் தெரிகிறது. முப்பத்தொன்று ஆகிறது அவளுக்கு.

டிசம்பர் 10, புதன்

தியாகேசனை நேற்று வேலையை விட்டே நீக்கிவிட்டார்கள். உத்தரவைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியிருக்கிறார். வேறு ஒரு சொல்லும் இல்லை. மூன்றாவது பத்தியில் என் வரி: தொழில்நுட்ப அறிக்கையின்படி, முடிவு வருமுன் பயனர் தேடலை மூடிவிட்டார். அதன் கீழே நீல மையில் கோடு போட்டிருந்தார்.

லூர்து எட்டிப் பார்த்து, "யாரு ஜெசி?" என்றார்.

"ஒரு கம்ப்ளெயின்ட்டுங்க. ஆபீஸ் விஷயம்."

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

அவர் கிறிஸ்துமஸ் குடில் அட்டைகளைப் பரணிலிருந்து இறக்கப் போனார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம்; கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம். வரிசை வாசல்வரை நின்றது. மாமியாரிடம் கோபப்பட்டது, இரண்டு ஞாயிறு பூசைக்கு வராதது எல்லாம் சொன்னேன். வேலையில் கவனக்குறைவாக இருந்தேன் என்றும் சொன்னேன்.

"எல்லாருக்கும் வர்றதுதாம்மா. வேற ஏதாவது இருக்கா?"

"இல்ல சாமி."

பரிகாரமாக மூன்று அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லி முடித்தேன். தலைவலி வீட்டுக்கு வந்ததும்.

டிசம்பர் 20, சனி

ஆபீஸ் வேலை என்று லூர்துவிடம் சொல்லிவிட்டு மன்னார்குடி பஸ்ஸில் ஏறினேன். பையில் நவம்பர் 6 லாக்கின் பிரிண்ட், இரண்டு தாள். அங்கிருந்து ஒரு டவுன் பஸ். வருவதாகப் போனில் சொல்லியிருந்தேன்; தியாகேசன் நிறுத்தத்தில் மொபெட்டோடு நின்றிருந்தார்.

போனில் கேட்ட குரலுக்குப் பெரிய ஆளாக நினைத்திருந்தேன். ஒல்லியான மனிதர், முப்பத்தைந்துக்குள் இருக்கும். இப்போது ஓர் உரக்கடையில் மூட்டை எடுத்துக் கொடுக்கிறார். இடது புருவத்தில் தையல் போட்டு ஆறிய தழும்பு. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அந்தம்மா தம்பி பஸ் ஸ்டாண்டுல வெச்சுக் கல்ல எடுத்துட்டான் மேடம். அவனத் தப்பு சொல்ல முடியாது" என்றார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தாளைக் கொடுத்தேன். இந்த நேரம் அழுத்தியது, இந்த நேரம் மூடியது என்று காட்டினேன்.

"நாலு நிமிஷந்தானா" என்றார். "நான் பத்து நிமிஷம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இண்டெக்ஸ், எழுத்து, ஐம்பத்தெட்டு முறை. பாதி அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் கடைசியில் அவர் கேட்டது சரியான கேள்வி.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும் மேடம்?"

"நவம்பர் இருபது."

விரலை மடக்கி எண்ணினார். "என்னை எடுத்தது டிசம்பர் ஒம்போது."

"ஆமா."

டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். பிறகு தாள்களை மடித்து என்னிடமே நீட்டினார்.

"நான் அமுக்குனேன், காத்துக்கிட்டு இருந்தேன்னு எனக்குத் தெரியும் மேடம். எனக்கு எதுக்கு இது? தெரியாதவங்ககிட்ட வந்து சொல்லுங்க."

மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். சேந்தங்கரை மூன்று கிலோமீட்டர். இரண்டு பக்கமும் பயிர் முழங்கால் உயரம் நின்றது. மாரிக்கண்ணுவின் புருஷன் கலியமூர்த்தி வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தியாகேசனைப் பார்த்ததும் எழுந்தார்.

"இங்க எதுக்குடா வந்த?"

"இந்தம்மா ஒண்ணு சொல்லணுங்கறாங்கண்ணே. கேட்டுட்டு அப்புறம் அடிங்க."

நின்றபடியே சொன்னேன். மருந்து எங்கே இருக்கிறது என்று காட்டும் மெஷின் அன்றைக்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் நிலையில் இருந்தது, இவர் நாலு நிமிடம் காத்திருந்தார், அதற்குமேல் காத்திருக்கப் பயந்துதான் கிளம்பினார், இவர் மேல் தப்பு இல்லை.

"அப்ப யாரு தப்பு?"

"மெஷின்ல ஒரு கோளாறுங்க."

"தானா கெட்டுப்போச்சா?"

"இல்ல. ஒரு மாத்தம் பண்ணுனதுல வந்தது."

"யாரு பண்ணுனா?"

"நான்தான்" என்றேன்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் இந்த இடத்தை நினைத்துப் பார்த்தபடிதான் வந்தேன். கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார், நான் அதை வாங்கிக்கொள்வேன் என்று. அவர் என்னைக் கரண்டு ரீடிங் எடுக்க வந்தவளைப் பார்ப்பதுபோல ஒரு தடவை பார்த்தார். பிறகு தியாகேசன் பக்கம் திரும்பினார்.

"நாலு நிமிஷம் வண்டி நின்னுச்சா?"

"நின்னுச்சுண்ணே."

"அவளுக்கு நெனப்பு இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு. பேசிக்கிட்டே இருந்தாங்க."

"என்ன பேசுனா?"

தியாகேசன் கீழே கிடந்த சாக்கின் மேல் உட்கார்ந்தார். "செருப்பு வரப்புலயே கெடக்குன்னாங்க. புதுச் செருப்பு, யாராச்சும் மாட்டிக்கிட்டுப் போயிருவாங்க, அவரப் போயி எடுத்து வெக்கச் சொல்லுன்னாங்க. ரெண்டு மூணு தடவ சொன்னாங்க."

"எடுத்துத்தான் வெச்சிருக்கேன்" என்றார் கலியமூர்த்தி. அவரும் கீழே உட்கார்ந்தார். "அப்புறம்?"

"மதியத்துக்குக் கொழம்பு இருக்கு, சோறு மட்டும் வடிச்சாப் போதும்னாங்க. அப்புறம் வண்டி கெளம்பிருச்சு. அதுக்கப்புறம் நாக்கு கொழறிருச்சுண்ணே, புரியல."

"புரியாட்டியும் சொல்லு. எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லு."

நான் கையில் இரண்டு தாளோடு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நடக்க ஆரம்பித்தேன்.

பாதி வழியில் தியாகேசன் மொபெட்டில் வந்து சேர்ந்துகொண்டார். கண் சிவந்திருந்தது.

"மேடம், அங்க சொன்னத எழுத்துல தாங்க. மாத்தம் யாரு பண்ணுனது, எவ்வளவு நேரம் சுத்துச்சு, அவ்வளவுதான். கையெழுத்தோட. மேல்முறையீடு பண்ணலாம்னு சொல்றாங்க. ஜனவரி பத்தாம் தேதிக்குள்ள அறக்கட்டளை ஆபீஸ்ல குடுக்கணுமாம்."

"அனுப்பறேங்க" என்றேன். பஸ் வரும்வரை கூடவே நின்றார்.

டிசம்பர் 23, செவ்வாய்

கடிதம் எழுதிவிட்டேன். அரைப் பக்கம். கிறிஸ்துமஸ் முடியட்டும்.

டிசம்பர் 29, திங்கள்

கடிதத்தில் ஓர் இடத்தைத் திருத்தினேன். "நான் செய்த மாற்றம்" என்று இருந்ததை "செய்யப்பட்ட மாற்றம்" என்று. படிக்க இதுதான் சரளமாக இருக்கிறது.

ஜனவரி 2, வெள்ளி

தியாகேசன் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை ஓட்டவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

"மேடம், பத்தாம் தேதி" என்று மட்டும் ஒரு செய்தி. பார்த்ததாகக் காட்டும் நீலக் குறியை அணைத்துவைக்கப் பெனிட்டாவிடம் கற்றுக்கொண்டேன்.

ஜனவரி 9, வெள்ளி

சார் எல்லாரையும் ஹாலுக்கு வரச் சொன்னார். ஒப்பந்தம் இன்னும் மூன்று வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. அறக்கட்டளையிலிருந்து ஒரு பாராட்டுக் கடிதமும் வந்திருக்கிறது; வாசித்தார். போன வாரம் ஒரு விவசாயியைப் பாம்பு கடித்ததாம். பட்டனை அழுத்தின கையோடு பட்டியல் வந்ததாம். சரியான ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்துவிட்டாராம். இதைச் சாத்தியமாக்கிய ஜெசிந்தா அவர்களுக்கு எங்கள் நன்றி என்று முடித்திருந்தார்கள்.

"எழுந்திருங்க ஜெசிந்தா" என்றார் சார்.

கை தட்டினார்கள். ஹபீபாவும் தட்டினாள், என்னைப் பார்த்துக்கொண்டே. நான் எழுந்து நின்றேன். நன்றி என்று சொன்னதாகக்கூட ஞாபகம்.

ஜனவரி 10, சனி

கடிதம் தயாராகத்தான் இருக்கிறது. பிரிண்ட் எடுத்துக் கவரில் போட்டு, மேலே விலாசமும் எழுதிவிட்டேன். அறக்கட்டளை ஆபீஸைச் சனிக்கிழமைகளில் ஒரு மணிக்குச் சாத்திவிடுவார்கள்.

இப்போது மணி மூன்று.